நாய்க்குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

8 வாரக் குட்டி ஒன்று இன்னும் 10 நாளில் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறது. வீட்டில் யாரும் இதுவரை நாய் வளர்த்ததில்லை. கடையில் கொடுத்த பட்டியல் கை நீளத்துக்கு இருக்கிறது, அதில் எது உண்மையில் வேண்டும், எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாயைப் பறிகொடுத்த குட்டிகளையும் யாரோ விட்டுவிட்டுப் போன குட்டிகளையும் கொண்டுவந்து தேற்றி, நல்ல வீடு கிடைக்கும் வரை என்னிடம் வைத்திருப்பது பல வருடப் பழக்கம். அப்படி வந்து போன குட்டிகளை வைத்துச் சொல்கிறேன். வாங்க வேண்டியவை ஒரு பெரிய பைக்குள் அடங்கிவிடும். ஏற்கெனவே வீட்டில் கிடப்பவற்றில் எடுத்து மேலே வைக்க வேண்டியவைதான் ஏராளம். கடைக்கு ஒரு நாள் போதும், மீதி நாட்களை வீட்டுக்கு ஒதுக்குங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு போன் பேசிவிடுங்கள். குட்டி இப்போது யாரிடம் இருக்கிறதோ அவரைக் கூப்பிட்டு, அது என்ன சாப்பிடுகிறது, ஒரு வேளைக்கு எவ்வளவு, எந்தெந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் முதல் வாரம் அதே உணவுதான். இதைவிட நல்லதாக வாங்கி வைத்திருக்கிறோமே என்று முதல் நாளே மாற்றினால் வயிறு கெட்டுப்போகும். அம்மாவைப் பிரிந்த பதற்றத்தோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் குட்டி சீக்கிரம் துவண்டுவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் பொறுத்து, பழையது முக்கால் பங்கு, புதியது கால் பங்கு என்று தொடங்கி 7 முதல் 10 நாட்களில் மெல்ல மாற்றுங்கள்.

அதே பேச்சில் தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது, பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும். "எல்லாம் போட்டாச்சு" என்ற வாய்வார்த்தை மருத்துவருக்கு உதவாது. அப்புறம், ஒரு பழைய துண்டை இப்போதே கொண்டுபோய்க் கொடுத்து, தாயும் குட்டிகளும் படுக்கும் இடத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். குட்டியோடு அந்தத் துண்டையும் துவைக்காமல் வாங்கி வாருங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கும் எந்தப் படுக்கையிலும் இல்லாத ஒன்று அதில் இருக்கும்: அம்மாவின் வாசனை.

இன்னொன்று. 5 வாரத்திலேயே கூட்டிப்போங்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வரும் குட்டியின் பல் உங்கள் கையில்தான் பதியும். 8 வாரம் வரை காத்திருக்கலாம்.

சரி, இனி கடை. முதலில் வாங்க வேண்டியது கூண்டு. பலருக்கு அந்தச் சொல்லே பிடிக்காது, குட்டியைச் சிறை வைப்பது போலத் தோன்றும். எனக்கும் தொடக்கத்தில் மனசு வரவில்லை. ஆனால் நாய்க்கு மூன்று பக்கம் அடைத்த, கூரை தாழ்ந்த ஓர் இடம் கிடைத்தால் அதுவே தேடிப் போய்ப் படுத்துக்கொள்கிறது. மேசைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் நாய்கள் சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அளவுதான் முக்கியம். உள்ளே நிமிர்ந்து நிற்க, ஒரு சுற்றுத் திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கி அப்படியே வைத்துவிட்டால், குட்டி ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் சிறுநீர் கழிக்கும். படுக்கும் இடத்தை நனைக்காமல் இருக்க முயல்வது நாயின் இயல்பு. அந்த இயல்புதான் உங்களுக்குப் பழக்கிக் கொடுக்கப்போகிறது, அதை வீணாக்கக் கூடாது. நடுவில் நகர்த்தி வைக்கும் தடுப்புப் பலகையோடு வரும் கூண்டாகப் பார்த்து வாங்கினால் குட்டி வளர வளரத் தடுப்பைத் தள்ளிக்கொண்டே போகலாம். உள்ளே பழைய துணிகளையே விரியுங்கள். மெத்தை இப்போது வேண்டாம், முதல் மாதங்களில் கிழியத்தான் போகிறது. தண்டிக்க ஒருநாளும் கூண்டில் அடைக்காதீர்கள். அதற்குள் விடும்போதெல்லாம் கொஞ்சம் தீனியும் போட்டால் நாலு நாளில் தானே உள்ளே போகும்.

அந்தக் கூண்டு முதல் இரவில் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வரவேற்பறையில் தனியாக வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம், அழுது அழுது பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். என்னிடம் ஒரு கறுப்புக் குட்டி வந்திருந்தது. விளக்கை அணைத்ததும் முனக ஆரம்பித்தது, அரை மணி நேரத்தில் குரல் கம்மிப் போயிற்று. கூண்டைத் தூக்கி வந்து என் கட்டிலை ஒட்டி வைத்து, கையைத் தொங்கவிட்டு ஒரு விரலைக் கம்பிக்குள் நீட்டினேன். வந்து முகர்ந்தது, ஈரமான மூக்கை விரலில் வைத்துக்கொண்டே படுத்தது, மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே தூக்கிப் போனதோடு சரி, காலை வரை சத்தமே இல்லை. பிறந்ததிலிருந்து ஓர் இரவுகூடத் தனியாகத் தூங்கியிராத உயிர் அது. உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் வையுங்கள். சில வாரம் கழித்துக் கூண்டைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நீங்கள் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

அடுத்து எல்லோரையும் களைப்படைய வைக்கும் விஷயம், சிறுநீர். குட்டிக்கு எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம் என்று வரும். அதுவும் ஓய்ந்து படுத்திருக்கும்போதுதான். விழித்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே தூக்கிப்போக வேண்டியிருக்கும். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன் என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறாது. இதற்கு வாங்க வேண்டியது ஒன்றுதான்: என்சைம் கலந்த, செல்லப்பிராணிகளின் சிறுநீருக்கென்றே வரும் சுத்தத் திரவம். சாதாரண சோப்பால் துடைத்தால் நம் மூக்குக்கு வாசனை போய்விடும், குட்டியின் மூக்குக்குப் போகாது. வாசனை இருக்கும் இடமே தனக்கான இடம் என்று மறுபடி அங்கேயே வந்து நிற்கும். அமோனியா கலந்த திரவங்கள் இன்னும் மோசம், அந்த நெடி சிறுநீரின் நெடியோடு ஒத்துப்போவதால் வா வா என்று அழைத்தது போலாகிவிடும். எதைப் போட்டுத் துடைத்தாலும் தரை காயும் வரை குட்டியைக் கீழே விடாதீர்கள், நனைந்த பாதத்தை நக்கி மருந்தை வயிற்றுக்குள் அனுப்பிவிடும். எங்கே போக வேண்டும் என்ற இடத்தையும் குட்டி வருவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஆளுக்கொரு மூலைக்குக் கூட்டிப்போனால் அதற்கு எதுவும் புரியாது.

வாங்கும் வேலையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, வீட்டுக்கு வருவோம். எல்லாவற்றிலும் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒவ்வோர் அறையிலும் தரையில் குப்புறப் படுத்துப் பாருங்கள். உண்மையாகவே படுக்க வேண்டும், குனிந்து பார்த்தால் போதாது. நின்றுகொண்டு பார்த்தால் துப்புரவாக இருக்கும் அறை, கன்னம் தரையைத் தொடும்போது வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை நான் அப்படிப் படுத்தபோது சோபாவுக்கு அடியில் பேனா மூடி ஒன்று, ரப்பர் பேண்டு இரண்டு, சுவரோரம் தூசியில் புரண்ட ஒரு வெள்ளை மாத்திரை கிடந்தன. தலைவலி மாத்திரை, எப்போது உருண்டதோ. மறுநாள் 2 கிலோ எடையுள்ள குட்டி அந்த வீட்டில் ஓடப்போகிறது. பாரசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தின் சிவப்பணுக்களையும் கெடுக்கும். இபுப்ரொஃபென் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். நமக்குச் சின்ன அளவு என்பது அந்த உடம்புக்குப் பெரிய அளவு. அன்றிலிருந்து ஒவ்வொரு குட்டிக்கும் முன்னால் வீடு முழுக்கப் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை.

சமையலறையில் சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடம்பு மிக மெதுவாகத்தான் வெளியேற்றும், கறுப்பு சாக்லேட்டில் அது அதிகம். திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம், எந்த அளவு வரை பரவாயில்லை என்று கணக்குச் சொல்ல முடியாது. வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் பொடியானாலும் சிவப்பணுக்களை உடைக்கும். அதிகம் பேர் கவனிக்காதது சைலிட்டால் என்ற இனிப்பூட்டி. சர்க்கரை இல்லாதது என்று எழுதியிருக்கும் சூயிங்கம், மிட்டாய், சில வேர்க்கடலை வெண்ணெய்களில்கூட இது இருக்கும். நாயின் உடம்பில் இன்சுலினைத் திடீரென்று கூட்டி, ரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள் ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் தாக்கும். கைப்பைகளைத் தரையில் வைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சூயிங்கம், மாத்திரை இரண்டுமே பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எலி மருந்து, கரப்பான் மருந்து, அந்துருண்டை, பட்டன் பேட்டரி, தையல் ஊசி நூல், தலைமுடி கிளிப், குழந்தைகளின் காலுறை இவற்றையும் பாருங்கள். ஒயர்களைக் குழாய்க்குள் விட்டோ அலமாரிக்குப் பின்னால் தள்ளியோ மறையுங்கள். குப்பைத்தொட்டிக்கு அழுத்தமான மூடி வேண்டும். தொட்டியில் வளர்க்கும் செடிகளில் அரளியும், பனை போலத் தோன்றும் சைகஸ் வகையும் இருந்தால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அரளி இதயத்தையும் சைகஸ் கல்லீரலையும் கொல்லும் நஞ்சு. மாடிப்படிக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு நன்றாகவே உதவும். வழுக்கும் தரையாக இருந்தால் குட்டி அதிகம் நடமாடும் இடத்தில் அடியில் ரப்பர் உள்ள விரிப்புகளைப் போடுங்கள். கால் வழுக்கி வழுக்கி வளர்வது அதன் மூட்டுகளுக்கு நல்லதில்லை.

உங்களுக்கு முன் நீங்கள் இருக்கும் வீட்டில் குடியிருந்த யாருடைய நாயாவது பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுப்போக்கு நோய்) வந்து இறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் மாதக்கணக்கில் தரையில் உயிரோடு இருக்கும், பல கிருமிநாசினிகளுக்கு அசையாது. அழுக்கை முழுசாகக் கழுவிவிட்டு, வீட்டில் பயன்படுத்தும் பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு நன்றாக அலச வேண்டும். அப்போதும் மண் தரையை நம்ப முடியாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் குட்டியை அங்கே விட வேண்டும்.

மீண்டும் பைக்கு வருவோம். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் இரண்டு எவர்சில்வர் கிண்ணம், அடியில் வழுக்காத வளையத்தோடு. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் கிருமி தங்கும், பல் முளைக்கும் வயதில் கிண்ணத்தையே கடித்துத் தின்னவும் பார்க்கும். உணவு குட்டிகளுக்கென்று வருவதாக இருக்க வேண்டும். வளர்ந்தால் 25 கிலோவுக்கு மேல் வரும் இனம் என்றால் பெரிய இனக் குட்டிகளுக்கான உணவையே வாங்குங்கள், அதில் கால்சியம் அளந்து வைத்திருப்பார்கள். எலும்பு உறுதியாகட்டும் என்று அதோடு கால்சியம் டானிக்கும் சேர்த்துக் கொடுத்தால் எலும்பு கோணலாக வளரக்கூடும். மருத்துவர் சொல்லாமல் டானிக் எதுவும் வேண்டாம். பசும்பாலும் வேண்டாம், அதைச் செரிக்க முடியாமல் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். நாளைக்கு 3 அல்லது 4 வேளை சிறிது சிறிதாகக் கொடுங்கள். மிகச் சிறிய இனக் குட்டி ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால்கூட ரத்தச் சர்க்கரை இறங்கிச் சோர்ந்து நடுங்கும். அப்படி ஆனால் ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

காலர் மெல்லியதாக, தட்டையாக, எடை தெரியாததாக இருக்கட்டும். கழுத்துக்கும் காலருக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள், குட்டி வளரும் வேகத்தில் போன வாரம் தளர்வாக இருந்தது இந்த வாரம் இறுக்கும். கூண்டுக்குள் விடும்போது கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொண்டால் கழுத்து நெரியும். நடத்திப் பழக்க மார்புப் பட்டையும் ஆறடி வாரும் போதும். இழுத்தால் நீண்டுகொண்டே போகும் தானியங்கி வாரும், கழுத்தை இறுக்கும் சங்கிலியும் உங்கள் பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள். உங்கள் தொலைபேசி எண் பொறித்த ஒரு வில்லையைக் காலரில் மாட்டுங்கள். மைக்ரோசிப் போடுவதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் பேசலாம். அரிசி அளவே உள்ள அந்தச் சிப்பில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும், கருவியால் வாசித்தால்தான் தெரியும். குட்டி எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. அந்த எண்ணோடு உங்கள் முகவரியைப் பதிவு செய்தால்தான் பயன்.

விளையாட்டுப் பொருட்களில் மூன்று நான்கு போதும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வகையாக இருக்கட்டும். 28 பால் பற்களும் சுமார் 4 மாதத்தில் விழ ஆரம்பித்து, 7 மாதத்துக்குள் 42 பற்களாக முளைத்து முடியும். அந்தக் காலம் முழுக்க ஈறு நமநமக்கும், கடிக்காமல் இருக்க முடியாது. நாற்காலிக் காலைக் கடித்தால் அதட்டுவதில் பயனில்லை, வாயில் வேறு ஒன்றைக் கொடுப்பதுதான் வழி. ஒரு பொருள் கடிக்கத் தகுந்ததா என்று பார்க்கச் சுலபமான சோதனை இருக்கிறது: கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியாத அளவுக்குக் கடினம் என்றால் பல் உடையும். வெந்த எலும்பு கூடவே கூடாது, கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும். குட்டியின் வாய்க்குள் முழுசாகப் போகும் அளவுள்ள பந்தும் வேண்டாம். ஈரத்துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு உறைய வைத்துக் கொடுத்தால் ஈறு வலிக்கு அவ்வளவு சுகம். பக்கத்திலேயே இருந்து பாருங்கள், துணி இளகி நூல் பிரிந்ததும் வாங்கிவிட வேண்டும்.

மென்மையான பிரஷ், நகவெட்டி, நாய்களுக்கான ஷாம்பு என்று இவையும் கொஞ்சம் வேண்டும். நம் ஷாம்பு அதன் தோலுக்கு ஒத்துவராது, நம் தோலின் அமிலத்தன்மை வேறு, அதனுடையது வேறு. ஆனால் வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். நகவெட்டியை முதல் வாரம் காட்டி முகரவிட்டு, பாதத்தைத் தொட்டுப் பழக்கினால் போதும், வெட்ட வேண்டாம். உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்து எதையும் நீங்களாக வாங்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச வயதும் எடையும் உண்டு. வீட்டில் பூனை இருந்தால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் குட்டிக்கென்றே தனியாக வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும், நுனியில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று பயப்படுபவர்களுக்கு இந்த எண் தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். மருத்துவரையும் இப்போதே தேர்ந்தெடுங்கள். வந்த இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு சந்திப்பை உறுதி செய்துவிட்டு, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்றும் தெரிந்து வையுங்கள்.

தடுப்பூசி ஏன் பல தவணை என்று நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை போடுகிறார்கள். அதுவரை முன்பின் தெரியாத நாய்கள் போய்வரும் இடத்தில் குட்டியைத் தரையில் இறக்கக் கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்கக் கூடாது. 3 வாரம் முதல் 12, 14 வாரம் வரை பார்க்கும் மனிதர்களும் கேட்கும் சத்தங்களும்தான் உலகம் இப்படித்தான் இருக்கும் என்று அதற்குக் கற்றுத்தருகின்றன, அப்போது பார்க்காமல் விட்டால் பிறகு புதியது எதைப் பார்த்தாலும் பயம் வரலாம். இரண்டுக்கும் பொதுவான வழி, தோளில் மாட்டும் துணிப்பை ஒன்று. அதற்குள் வைத்துக்கொண்டு வெளியே போங்கள். வண்டிச் சத்தம், குடை, சக்கர நாற்காலி, தாடி வைத்தவர், குழந்தைகள் எல்லாவற்றையும் உங்கள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே பார்க்கட்டும். உங்கள் கடைப் பட்டியலில் இந்தப் பை இல்லை என்று நினைக்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டிவரும் நாளுக்கு இரண்டு துண்டு, ஒரு ரோல் காகிதம், சில பிளாஸ்டிக் பைகள் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் வாந்தி வரலாம். கிளம்புவதற்கு முன்பான இரண்டு மூன்று மணி நேரம் வயிறு முட்டச் சாப்பாடு போட வேண்டாம் என்று அங்கே சொல்லி வையுங்கள். முடிந்தவரை காலையில் போய் அழைத்து வாருங்கள், இருட்டுவதற்குள் வீட்டைக் கொஞ்சம் முகர்ந்து பழகிக்கொள்ளும். குட்டியைப் பார்க்க வரும் உறவுக்காரர்களை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும் வயது அது, மடிக்கு மடி மாற்றினால் தாங்காது. வீட்டு வாசலில் இறங்கியதும் உள்ளே நுழையாதீர்கள். நீங்கள் முடிவு செய்து வைத்த அந்த இடத்துக்கு நேராகத் தூக்கிப்போய்க் கீழே விட்டு, பேசாமல் நின்று காத்திருங்கள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகட்டும், அது வேலையை முடித்ததும் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே கூட்டிப்போங்கள்.